குறுந்தூர நீச்சலும் தசைச் சோர்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளத்தோரத்தில் ஸ்டாப்வாட்சும் கையுமாக நிற்பவனிடம் நீச்சல்காரர்களும் அவர்களைக் கூட்டிவரும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. 50 மீட்டர், 100 மீட்டர் போட்டிகளை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். 400, 800 என்று நீந்துகிறவர்களுக்கு இதில் பாதிகூடப் பொருந்தாது.

100 மீட்டரில் கடைசி 15 மீட்டர் வந்ததும் கை கல்லாய்க் கனக்கிறது. உள்ளே என்னதான் நடக்கிறது?

தசை சுருங்கச் செலவாவது ஏடிபி என்ற மூலக்கூறு. தசைக்குள் அதன் கையிருப்பு ஒன்றிரண்டு நொடிக்குத்தான் வரும். தீரத் தீர அதை உடனுக்குடன் நிரப்பித் தருவது கிரியேட்டின் பாஸ்பேட். முழு வேகத்தில் போனால் அதுவும் 10 நொடி வாக்கில் பெரும்பாலும் கரைந்துவிடும். இன்னொரு பக்கம், தசையில் சேர்த்துவைத்த மாவுச்சத்தான கிளைகோஜனை ஆக்சிஜனுக்குக் காத்திருக்காமல் உடைக்கும் வேலையும் முதல் சில நொடிகளிலேயே சூடு பிடித்துவிடுகிறது.

இந்த அவசர வேலையில் மிஞ்சுகிற கழிவுதான் வம்பு. கிரியேட்டின் பாஸ்பேட் உடையும்போது பாஸ்பேட் தேங்குகிறது. தசை சுருங்குவதற்கான சமிக்ஞையே கால்சியம்தான். அது வெளிவருவதையும், வந்த பிறகு வேலை செய்வதையும் இந்த பாஸ்பேட் கெடுக்கிறது. ஹைட்ரஜன் அயனிகள் கூடி தசைக்குள் அமிலத்தன்மை ஏறுகிறது. பொட்டாசியம் செல்லைவிட்டு வெளியே கசிவதால் நரம்பு அனுப்பும் மின்தூண்டல் தசைக்குள் முழு பலத்தோடு பரவுவதில்லை. இதையெல்லாம் உணர்ந்த மூளையும் கொஞ்சம் பிடியைத் தளர்த்துகிறது. ஆக, குற்றவாளி ஒருவன் கிடையாது, ஒரு கும்பலே இருக்கிறது.

வெளியே இது எப்படித் தெரியும் என்றால், கைகளை எண்ணுங்கள். 25 மீட்டர் குளத்தில் ஒரு பையன் 100 ஃப்ரீஸ்டைல் நீந்தும்போது ஒவ்வொரு லேப்புக்கும் எத்தனை ஸ்ட்ரோக் என்று எண்ணினேன். 14, 16, 18, 21. கடைசி லேப்பில் அவன் கை முதல் லேப்பைவிட வேகமாகச் சுற்றியது. நேரமோ மோசம். முழங்கை தாழ்ந்து, உள்ளங்கை தண்ணீரைப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போனது. கிக் சிறுத்து இடுப்பு அமிழ, தலை தானாக மேலே வந்தது. அவனுக்கு மூச்சு முட்டியது என்று நினைத்துக்கொண்டிருந்தான். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த முழங்கைதான்.

தண்ணீரில் இது தரையைவிடக் கொடுமை. நீரின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்பெருக்கில் ஏறும், அதற்கு ஈடுகொடுக்க வேண்டிய திறன் மும்மடிப்பெருக்கில் ஏறும். வேகத்தை 5% கூட்ட வேண்டுமானால் ஏறக்குறைய 16% அதிகத் திறன் வேண்டும். இடுப்பு கொஞ்சம் அமிழ்ந்தாலே எதிர்ப்பு கூடிவிடும். ஏற்கெனவே களைத்த தசையிடம் தண்ணீர் இன்னும் கூடுதலாகக் கேட்கிறது.

எல்லாம் லாக்டிக் அமிலத்தால் வருவது என்றுதானே சொல்கிறார்கள்?

நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். 1780-இல் ஷீலே என்ற வேதியியலாளர் புளித்த பாலில் கண்டுபிடித்த அமிலம் அது. தசை இயங்கும்போது வெளிப்படும் வெப்பம் பற்றி ஆர்ச்சிபால்ட் ஹில்லும், தசையின் ஆக்சிஜன் பயன்பாட்டுக்கும் லாக்டிக் அமிலத்துக்கும் உள்ள தொடர்பு பற்றி ஓட்டோ மேயர்ஹாஃபும் செய்த ஆய்வுகளுக்கு 1922-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் கிடைத்தது. அங்கிருந்து ‘அமிலம் சேர்ந்தது, தசை நின்றது’ என்ற கதை பயிற்சியாளர்கள் வாயில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

பின்னால் வந்த ஆய்வுகள், குறிப்பாக 1980-களிலிருந்து ஜார்ஜ் புரூக்ஸ் செய்தவை, லாக்டேட்டை, அதாவது லாக்டிக் அமிலம் உடலுக்குள் இருக்கும் வடிவத்தை, எரிபொருளாகக் காட்டின. ஒரு தசையில் உருவாகும் லாக்டேட்டை இதயமும் பக்கத்திலிருக்கும், மெதுவாகச் சுருங்கும் தசை இழைகளும் எடுத்து எரித்துக்கொள்கின்றன. அமிலத்தன்மை ஏறுவது உண்மைதான், அது எரிச்சலாகத் தெரிவதும் உண்மைதான். ஆனால் லாக்டேட் அதோடு கூட வருகிற ஆள், அதைச் செய்கிற ஆள் இல்லை. விரல் நுனியில் இரத்தம் எடுத்து லாக்டேட் அளப்பது இன்றும் பயன்படுகிறது. எவ்வளவு கடுமையாக உழைத்தார்கள் என்று சொல்லும் ஒரு மானி, அவ்வளவே.

மறுநாள் எழும் தசைவலிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நீந்தி முடித்த ஒரு மணி நேர வாக்கில் லாக்டேட் பழைய நிலைக்கு வந்துவிடும். மறுநாள் வலி தசை இழைகளில் விழுந்த நுண்ணிய சேதத்தாலும் அதைச் சரிசெய்ய உடல் எடுக்கும் முயற்சியாலும் வருவது. 24 முதல் 72 மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். குளத்தைவிட ஜிம்மில்தான் இதைச் சம்பாதிக்கிறோம், ஏனென்றால் எடையை மெல்ல இறக்கும்போது தசை நீண்டுகொண்டே வேலை செய்கிறது. தண்ணீரில் அந்த மாதிரி வேலை குறைவு.

50-க்கும் 100-க்கும் சோர்வு ஒன்றுதானா?

இல்லை. 50 ஃப்ரீஸ்டைலில் சேசர் சியலோ 2009-இல் 20.91 நொடியில் வந்தார். (அது நீரில் வழுக்கிப் போக உதவிய பாலியூரித்தேன் நீச்சல் உடைகள் கொடிகட்டிப் பறந்த வருடம், 2010 தொடக்கத்தில் அவை தடை செய்யப்பட்டன.) இருபது முப்பது நொடியில் முடிகிற வேலையில் அமிலம் உச்சத்துக்கு ஏறுவதற்குள் சுவரைத் தொட்டுவிடலாம். அங்கே கிரியேட்டின் பாஸ்பேட் தீர்வதும், அத்தனை வேகத்தில் ஸ்ட்ரோக்கைக் கட்டுக்குள் வைக்கும் நரம்பு மண்டலம் தடுமாறுவதும்தான் பெரிய விஷயம். 50-இல் தோற்கிற பலர் சோர்வினால் தோற்பதில்லை. டைவிலும் முதல் 15 மீட்டரிலுமே தோற்றுவிடுகிறார்கள்.

100 வேறு மிருகம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பான் ஷான்லே 46.40 நொடியில் உலக சாதனை படைத்தபோது முதல் 50 மீட்டர் 22.28, இரண்டாவது 24.12. உலகின் மிகச் சிறந்த நீச்சலிலேயே இரண்டாம் பாதி 1.84 நொடி மெதுவாகத்தான் வந்தது. முதல் பாதியில் டைவ் இருப்பதால் கொஞ்சம் வித்தியாசம் எப்படியும் இருக்கும். இளம் நீச்சல்காரர்களிடம் இது 4 நொடி, 5 நொடி என்று போகும்போதுதான் கவலைப்பட வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு நிமிடம் நீடிக்கிற முழு முயற்சியில் ஆற்றலின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஆக்சிஜன் வழியாகவே வருகிறது. ‘ஸ்பிரிண்டருக்கு எதற்கு ஏரோபிக்’ என்று கேட்பவர்கள் 100-ஐ மறந்துவிட்டுக் கேட்கிறார்கள்.

எங்கள் கோச் தினமும் 6 கிலோமீட்டர் போடச் சொல்கிறார். தூரம் கூடினால்தான் ஸ்டாமினா வரும் என்கிறார். சரியா?

உங்கள் வயதையும் போட்டியையும் பொறுத்தது. என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். 50, 100 மட்டுமே நீந்துகிற, பல வருடம் நீந்திப் பழகிய ஒருவருக்கு அது வீண்.

1991-இல் டேவிட் காஸ்டிலும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரி நீச்சல்காரர்களை இரண்டாகப் பிரித்து, ஆறு வாரம் ஒரு குழுவுக்குத் தினம் ஒரு வேளையும் இன்னொரு குழுவுக்கு இரு வேளையும் பயிற்சி கொடுத்தார்கள். இரு வேளை நீந்தியவர்கள் கூடுதலாக எதையும் சாதிக்கவில்லை. மாறாக, அந்த நாட்களில் அவர்களுடைய ஸ்பிரிண்ட் வேகம் குறைந்தது. மெதுவாக நிறைய நீந்தினால் உடல் மெதுவாக நிறைய நீந்தத்தான் கற்றுக்கொள்ளும்.

ஆஸ்திரேலியாவின் கேமரன் மெக்கெவாயின் கதையும் இங்கே பொருந்தும். டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் பிறகு ஓய்வெடுத்துக்கொண்டவர், திரும்பி வந்தபோது பழைய கிலோமீட்டர் கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டார். குறைந்த தூரம், முழு வேகம், நீண்ட ஓய்வு, கனமான வலுப்பயிற்சி. 2023 ஃபுக்குவோக்கா உலக சாம்பியன்ஷிப்பில் 50 மீட்டரை 21.06-இல் வென்றார். 2024 பாரிஸில் 30 வயதில் 21.25 நொடியில் தங்கம்.

ஆனால் அவரைப் பார்த்து 13 வயதுப் பிள்ளையின் தூரத்தைக் குறைத்துவிடாதீர்கள். மெக்கெவாய்க்குப் பின்னால் பல வருட நீச்சல் இருக்கிறது. அந்த அடித்தளத்தில் நின்றுதான் அவர் குறைத்தார். சின்னப் பிள்ளைகளுக்குத் தூரம் என்பது தண்ணீரோடு பழகுகிற நேரம். தண்ணீரைக் கையில் பிடிக்கிற உணர்வு நிறைய நீந்தாமல் வருவதில்லை. அவர்களுக்கும் தூரம் நல்ல ஸ்ட்ரோக்கில் போக வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

அப்படியானால் வேகத்துக்கு என்ன செட் போடுவது?

சோர்வு இல்லாதபோது போடுகிற செட். இதை ஏற்றுக்கொள்வதுதான் எல்லோருக்கும் கஷ்டம். நன்றாக வார்ம் அப் செய்த பிறகு 15 மீட்டர் முழு வேகம், எட்டு முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் 2 நிமிடம். அல்லது 25 மீட்டர் முழு வேகம், ஆறு முதல் எட்டு முறை, நடுவில் 3 நிமிடம். பார்க்கிறவர்களுக்குப் பாதி நேரம் சும்மா நிற்பதாகத் தெரியும். ‘காசு கொடுத்து அனுப்பினால் பிள்ளை கயிற்றைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்கிறதே’ என்று ஒரு தாய் என்னிடம் சண்டைக்கே வந்திருக்கிறார்.

அந்த ஓய்வு எதற்கு என்றால், தீர்ந்த கிரியேட்டின் பாஸ்பேட் பாதி அளவு திரும்ப அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை ஆகும். கிட்டத்தட்ட முழுதாகத் திரும்ப 3 முதல் 5 நிமிடம் ஆகும். 20 நொடியில் அடுத்ததைத் தொடங்கினால் அது வேகப் பயிற்சி இல்லை, வேறொன்று. அதன் இடம் வேறு, கீழே சொல்கிறேன்.

எப்போது நிறுத்துவது என்பதற்கு என்னிடம் ஒரே அளவுகோல், கடிகாரம். ஒரு பெண்ணின் 25 மீட்டர் நேரங்கள் என் நோட்டில் இப்படி இருக்கின்றன: 12.1, 12.0, 12.2, 12.1, 12.6, 12.9. எட்டு போடுவதாகத் திட்டம். ஆறோடு நிறுத்தி, மெதுவாக நீந்திவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னேன். ‘நான் களைக்கவே இல்லையே’ என்றாள். களைப்பு அவளுக்குத் தெரியவில்லை, கடிகாரத்துக்குத் தெரிந்தது. நல்ல நேரத்திலிருந்து 3% மெதுவாக இரண்டு முறை வந்துவிட்டால் அன்றைய வேகம் அவ்வளவுதான். அதற்கு மேல் நீந்தினால் மெதுவான ஸ்ட்ரோக்கை உடம்புக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறோம்.

சோர்வைத் தாங்குவதற்கென்று பயிற்சியே வேண்டாமா?

100 நீந்துகிறவருக்குக் கண்டிப்பாக வேண்டும். அதற்கு மூன்று வழி சொல்லலாம்.

முதலாவது, போட்டி வேகத்தில் சிறு துண்டுகள். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் பேராசிரியர் பிரென்ட் ரஷால் இதை ஒரு முறையாகவே வகுத்தார், மைக்கேல் ஆண்ட்ரூ அதில் வளர்ந்த பிரபல நீச்சல்காரர். உங்கள் 100 இலக்கு வேகத்தில் 25 மீட்டர், ஒவ்வொன்றுக்கும் நடுவில் 20 நொடி, 20 முறை அல்லது அதற்கு மேலும். நேரம் தவறினால் ஒன்றை விட்டுவிட்டு அடுத்ததில் சேர வேண்டும். தொடர்ந்து இரண்டு முறையோ மொத்தத்தில் மூன்று முறையோ தவறினால் செட் முடிந்தது. இந்த முறைதான் எல்லாம் என்று சொல்கிறவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. ஆனால் அந்த ‘தவறினால் நிறுத்து’ விதி பொன்னானது.

இரண்டாவது, துண்டாக்கிய 100. டைவ் அடித்து 50, 10 நொடி ஓய்வு, 25, 10 நொடி, 25. ஓய்வு நேரத்தைக் கழித்துவிட்டுக் கூட்டினால் போட்டியில் எந்த நேரத்துக்கு வர முடியும் என்று ஒரு குறிப்பு கிடைக்கும்.

மூன்றாவதுதான் வாந்தி வரவைப்பது. 50 மீட்டர் முழு முயற்சி, 4 முதல் 6 முறை, ஒன்றரை இரண்டு நிமிடத்துக்கு ஒன்று. தசை அமிலத்தன்மையைச் சமாளிக்கும் திறனை இது வளர்க்கும். வாரத்தில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு, நடுவில் 48 மணி நேரமாவது இடைவெளி. இந்த செட்டில் நான் நேரத்தைவிட ஸ்ட்ரோக் எண்ணிக்கையைத்தான் பார்ப்பேன். நான்காவது 50-இலும் முதல் 50-ஐவிட இரண்டு மூன்று கைகளுக்கு மேல் கூடாமல் நீந்தச் சொல்வேன். எரிகிற கையோடு முழங்கையை உயர்த்திப் பிடிக்கக் கற்றுக்கொள்வதுதான் இங்கே பாடம். வாந்தி எடுத்தால் நல்ல பயிற்சி என்று பெருமைப்படுகிற கோச்சுகளை எனக்குப் பிடிக்காது. குளத்தைச் சுத்தம் செய்கிறவருக்கும் பிடிக்காது.

ஜிம் குளத்துக்கு முன்னாலா, பின்னாலா?

வேகப் பயிற்சி இருக்கிற நாளில் குளம் முதலில், ஜிம் பிறகு. கடுமையான இரண்டையும் ஒரே நாளில் வைத்துவிட்டால் மறுநாள் உண்மையிலேயே லேசான நாளாக இருக்கும். ஒரு நாள் ஜிம், ஒரு நாள் ஸ்பிரிண்ட் என்று மாற்றி மாற்றிப் போட்டால் வாரம் முழுக்க அரைகுறைக் களைப்போடு நீந்துவீர்கள்.

என்ன செய்வது என்றால் புல் அப், ஸ்குவாட், டெட்லிஃப்ட், குதித்தல், மெடிசின் பால் எறிதல். வளர்ந்தவர்களுக்குக் கனமான எடை, 3 முதல் 5 முறை, நன்றாக ஓய்வு. டைவும் டர்னும் கால் பலத்தில்தான் நிற்கின்றன, ஆகவே காலை விட்டுவிடாதீர்கள். புதிதாகத் தொடங்கும் பிள்ளைகளுக்குச் சொந்த உடல் எடையே போதும், நுட்பம் வந்த பிறகு மெல்ல எடை கூட்டலாம். முக்கியமான போட்டிக்கு 10 நாள் இருக்கும்போது புதிய பயிற்சி எதையும் ஜிம்மில் தொடங்காதீர்கள். பழகாத தசைவலியோடு போட்டியின் தொடக்க மேடையில் நிற்பது பரிதாபம்.

பாடில் (உள்ளங்கையில் மாட்டும் தகடு), ஃபின்ஸ் (காலில் மாட்டும் துடுப்பு), பாரசூட், ரப்பர் கயிறு எல்லாம் தேவையா?

பயன் உண்டு, அளவோடு. இழுவைக் கயிறும் பாரசூட்டும் 10, 15 மீட்டர் முழு பலத்தில் இழுக்க நல்லவை. ரப்பர் கயிறு முன்னால் இழுத்துக்கொண்டு போகும்போது கைகள் வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றப் பழகும். பெரிய பாடிலைப் போட்டுக்கொண்டு களைத்த தோளோடு நீந்துவதைத்தான் நான் தடுப்பேன். தோள் முன்பக்கம் குத்துவலி வந்தால் பாடிலை அன்றே கழற்றிப் போட்டுவிட்டு, வலி போகவில்லை என்றால் பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள்.

மூச்சை அடக்கி நீந்திப் பழகினால் சோர்வு குறையுமா? தண்ணீருக்கடியில் 50 மீட்டர் போகச் சொல்கிறார்கள்.

50 போட்டியில் பலர் ஒரு முறை மூச்சு எடுக்கிறார்கள், சிலர் எடுப்பதே இல்லை. தலை திரும்பினால் உடல் ஆடும் என்பதால் அப்படி. அதற்காகக் கொஞ்சம் பழகலாம், தவறில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் நான் யாரோடும் சமாதானம் பேசுவதில்லை. வேகவேகமாகப் பல முறை மூச்சிழுத்துவிட்டு நீருக்கடியில் நீண்ட தூரம் போகாதீர்கள், அதுவும் தனியாகப் போகவே போகாதீர்கள்.

நமக்கு மூச்சு வேண்டும் என்று உந்துவது பெரும்பாலும் கரியமில வாயு. வேகமாக மூச்சிழுத்து அதை வெளியேற்றிவிட்டால் அந்த எச்சரிக்கை மணி அடிப்பதில்லை, ஆக்சிஜனோ தீர்ந்துகொண்டே இருக்கும். எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நினைவு போய்விடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள்தான் இப்படி இறந்திருக்கிறார்கள், ஆழமில்லாத குளத்திலேயே. போட்டியில் ஃப்ரீஸ்டைல், பட்டர்ஃபிளை, பேக்ஸ்ட்ரோக்கில் டைவுக்கும் டர்னுக்கும் பிறகு நீருக்கடியில் 15 மீட்டர்தான் அனுமதி. அந்த 15-ஐ வேகமாகப் பழகுங்கள், 50 எதற்கு?

ஐஸ் குளியல், மசாஜ், நுரை உருளை… எது வேலை செய்யும்?

முதலில் தூக்கம். பயிற்சி செய்கிற பதின்வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். விடிகாலைப் பயிற்சிக்காக 5 மணி நேரம் தூங்கிவிட்டு ஐஸில் உட்காருவதில் பொருளில்லை.

ஐஸ் குளியல் தசைவலியின் உணர்வைக் குறைக்கும். தொடர்ந்து போட்டி இருக்கும் நாட்களில் உதவும். ஆனால் ஒவ்வொரு வலுப்பயிற்சிக்குப் பிறகும் இறங்கினால் தசை வளர்ச்சியையே கொஞ்சம் மட்டுப்படுத்தும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. மசாஜும் உருளையும் சுகமாக இருக்கும், இலகுவாக உணர்வீர்கள். அதுவே போதுமான காரணம்தான்.

சாப்பாடும் சத்து மாவுகளும்?

மாவுச்சத்தைக் குறைத்துவிட்டு ஸ்பிரிண்ட் பயிற்சி செய்ய முடியாது, எரிவதே கிளைகோஜன்தான். கடினமான நாட்களில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 5 முதல் 7 கிராம் மாவுச்சத்து, 1.6 முதல் 2 கிராம் புரதம் என்பது வழக்கமான கணக்கு. புரதத்தை ஒரே வேளையில் கொட்டாமல் நாலு வேளைக்குப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஆதாரம் வலுவாக உள்ள துணைப்பொருட்கள் கைவிரலுக்குள் அடங்கும். கிரியேட்டின் தினம் 3 முதல் 5 கிராம், குறுகிய முழு வேக முயற்சிகளுக்கு நடுவே மீள உதவும். எடை ஒன்றிரண்டு கிலோ கூடலாம், நீச்சல்காரர் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். காஃபீன் ஒரு கிலோ எடைக்கு 3 மி.கி. அளவிலேயே வேலை செய்யும், மாலை இறுதிப்போட்டிக்கு எடுத்தால் இரவுத் தூக்கம் போகும். பீட்டா அலனின் நாலு வாரமாவது எடுத்தால்தான் பலன் தெரியும், தோலில் ஊசி குத்துவதுபோல் இருக்கும். சோடியம் பைகார்பனேட் அமிலத்தைச் சமன் செய்யும், வயிற்றையும் கலக்கும். போட்டி நாளில் முதல் முறையாக முயன்று கழிப்பறையில் ஹீட்ஸை (தகுதிச் சுற்றை) தவறவிட்டவரை எனக்குத் தெரியும்.

பதினெட்டு வயதுக்குக் கீழே இவை எதுவும் வேண்டாம் என்பது என் நிலை. பெரியவர்களும் ஊக்கமருந்துச் சோதனையை நினைவில் வையுங்கள். டப்பாவில் எழுதாத தடைசெய்யப்பட்ட பொருள் உள்ளே கலந்திருந்தாலும் பொறுப்பு உங்கள் தலையில்தான். தனி ஆய்வகம் சோதித்துச் சான்று கொடுத்த தொகுதியாகப் பார்த்து வாங்குங்கள், அதற்கு முன் விளையாட்டு மருத்துவரைக் கேளுங்கள்.

டேப்பர் தொடங்கியதும் உடம்பு இன்னும் கனமாகிவிட்டது. ஏதோ தப்பு செய்கிறோமா?

அநேகமாக இல்லை. போட்டிக்கு முன் பயிற்சியைக் குறைத்து, சேர்ந்திருக்கும் சோர்வை வடியவிடுவதுதான் டேப்பர். முதல் நாலைந்து நாள் பலருக்குக் கால் மரத்த மாதிரியும் தண்ணீர் பிடிபடாத மாதிரியும் இருக்கும். அந்தப் பயத்தில் மறுபடியும் ஒரு கடினமான செட் போட்டுப் பார்ப்பார்கள். டேப்பர் கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.

குறைக்க வேண்டியது தூரத்தை. இரண்டு வாரத்தில், சிலருக்கு மூன்று வாரத்தில், வழக்கமான தூரத்தில் 40 முதல் 60% வரை படிப்படியாக வெட்டலாம். வேகத்தைக் குறைக்கக் கூடாது, குளத்துக்கு வரும் நாட்களையும் பெரிதாகக் குறைக்கக் கூடாது. போட்டி வேகத்தில் சில 25-கள், டைவ், டர்ன் இவையெல்லாம் கடைசிவரை இருக்கட்டும். தசை அதிகம் உள்ள 50 மீட்டர் ஆட்களுக்குப் பொதுவாக நீண்ட டேப்பர் ஒத்துவரும்.

பலன் எவ்வளவு? 2000 சிட்னி ஒலிம்பிக்குக்கு முந்தைய மூன்று வாரத்தில் 99 நீச்சல்காரர்களின் நேரங்களை இனிகோ முஹிகாவும் உடன் ஆய்வாளர்களும் ஒப்பிட்டபோது சராசரி முன்னேற்றம் 2.2% அளவில் இருந்தது. 55 நொடியில் 100 நீந்துகிறவருக்கு அது ஒரு நொடிக்கும் மேல். சராசரிதான் அது, சிலர் மெதுவாகவும் ஆனார்கள். ஆகவே பெரிய போட்டிக்கு முன்னால் ஒரு சின்ன போட்டியில் டேப்பரை ஒத்திகை பார்த்து, உங்களுக்கு எத்தனை நாள் ஒத்துவருகிறது என்று எழுதிவையுங்கள்.

சாதாரணக் களைப்புக்கும் அளவுமீறிய பயிற்சிக்கும் என்ன வித்தியாசம்?

இரண்டு நாள் லேசாக நீந்தினால் சாதாரணக் களைப்பு போய்விடும். இரண்டு வாரம் குறைத்த பிறகும் நேரம் தேறவில்லை, தூக்கம் கெடுகிறது, எரிந்து விழுகிறீர்கள், அடிக்கடி சளி பிடிக்கிறது, காலையில் எழுந்ததும் இதயத்துடிப்பு வழக்கத்தைவிடக் கூடியிருக்கிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். பல சமயம் காரணம் பயிற்சியின் அளவே இல்லை. போதாத சாப்பாடோ இரும்புச்சத்துக் குறைவோ ஒளிந்திருக்கும். பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவதோ நிற்பதோ ‘கடும் பயிற்சியில் சகஜம்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உடல் செலவழிக்கும் அளவுக்குச் சாப்பாடு உள்ளே போகவில்லை என்பதன் அறிகுறியாக அது இருக்கலாம். கடும் பயிற்சிக்குப் பிறகு தசை வீங்கி, சிறுநீர் அடர்பழுப்பாகப் போனால் காத்திருக்கவே வேண்டாம், அன்றே மருத்துவமனை.

காலையில் ஹீட்ஸ், மாலையில் ஃபைனல். நடுவில் என்ன செய்வது?

சுவரைத் தொட்டதும் ஸ்கோர்போர்டைப் பார்த்துவிட்டு நேரே பெற்றோரிடம் ஓடுகிறவர்கள்தான் அதிகம். ஓடாதீர்கள். இரண்டு மூன்று நிமிடம் நடந்துவிட்டு இளைப்பாறும் குளத்தில் இறங்கி 15 முதல் 20 நிமிடம் மெதுவாக நீந்துங்கள். சும்மா உட்கார்ந்திருப்பதைவிட இதில் லாக்டேட் வேகமாக வெளியேறும். நடுநடுவே நல்ல நீளமான ஸ்ட்ரோக்குகள் இருக்கட்டும், காலையில் சிதைந்த முழங்கையைச் சரிசெய்து வைப்பதற்கு. தனிக் குளம் இல்லையென்றால் நடையும் கை சுற்றுவதும் போதும்.

அப்புறம் உலர்ந்த துணி, தண்ணீர், அரை மணிக்குள் பழகிய மாவுச்சத்து உணவு ஏதாவது. பகலில் 20, 30 நிமிடம் தூங்கலாம், அதற்கு மேல் போனால் எழும்போது மந்தமாக இருக்கும். மாலை வார்ம் அப்பைக் காலை செய்ததைவிடக் குறுக்கி, கடைசியில் இரண்டு முறை 15 மீட்டர் முழு வேகத்தில் போய்விட்டு வெளியே வாருங்கள். வார்ம் அப் முடித்து அழைப்பு வரும்வரை அரை மணி நேரம் ஆகிவிடும், அதற்குள் தசை குளிர்ந்துவிடும். ஆகவே அழைப்பு அறையில் ஜாக்கெட்டையும் காலுறையையும் கடைசி நிமிடம்வரை கழற்றாதீர்கள்.